லயத்து மண் தேடும் தாமான் பூனை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவரை, பூனைக்குக் கழிப்பிடம் என்று ஒன்றை யாரும் யோசித்ததே இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம், அதன் அடியில் பொலபொலவென்று மண். பூனை போகும், தோண்டும், உட்காரும், மூடும், திரும்பி வரும். அவ்வளவுதான். பிறகு தோட்டத்தை விட்டு டவுனை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறினோம். பூனையும் கூடவே வந்தது. மண் வரவில்லை. முன்வாசலில் சிமெண்டு, உள்ளே டைல்ஸ், பின்பக்கம் காங்கிரீட் கால்வாய். வெளியே விடவும் பயம்: சாலையில் காடி, சந்தில் தெருநாய், செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போனால் எலி மருந்து, அந்த மருந்தைத் தின்ற எலி. ஆகவே கிரில் கதவைச் சாத்தி வீட்டுக்குள்ளேயே வளர்க்கிறோம். என் தெருவில் மட்டும் ஏழெட்டு வீடுகளில் இப்படித்தான்.

பிறகு ஒரு நாள் காலையில் மெத்தையில் ஈரம். அதற்கடுத்த நாள் துவைக்கப் போட்ட துணிக்கூடையில்.

"வீம்புக்குத்தான் பண்ணுது. சாக்குல போட்டு பசார்ல கொண்டுபோய் விட்டுடு" என்று அடுத்த வீட்டு அத்தை சொன்னார். நல்ல மனுஷிதான், எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது உண்மை இல்லை. பூனை உங்களைப் பழிவாங்க மூத்திரம் பெய்வதில்லை. கழிப்பிடமாக வைத்த மணல் தொட்டியை விட்டு வெளியே போகிற பூனை இரண்டில் ஒன்றைச் சொல்கிறது: என் உடம்பு சரியில்லை, அல்லது நீ வைத்திருக்கும் இடம் எனக்குச் சரியில்லை. இதில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். பூனை வளர்ப்பில் புதியவர்கள் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், பசாரில் விடப்படும் பூனைகளில் பாதியாவது வீட்டிலேயே இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பூனை எதைத் தேடுகிறது?

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. தண்ணீர் குறைந்த நிலம் என்பதால் அதன் மூத்திரம் அடர்த்தியானது. அந்த நாற்றம் இன்றும் நம் மூக்கைத் துளைப்பதற்குக் காரணம் அதுதான். தளர்ந்த மண்ணைத் தோண்டிப் போய் மூடுவதும் பிறவிக் குணம். மூன்று நான்கு வாரக் குட்டியைத் தாயில்லாமல் எடுத்து வளர்த்தாலும், மணலைக் கண்டால் அதுவாகவே பிறாண்டத் தொடங்கும். நாம் பழக்குவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதற்குத் தேவை பாடம் அல்ல, தோண்டத் தக்க மண்.

ஒரு காலத்தில் மேல்நாடுகளிலும் வீட்டுப் பூனைக்கு அடுப்புச் சாம்பலையும் மணலையும்தான் வைத்தார்கள். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், எண்ணெய் உறிஞ்சப் பயன்படும் ஒருவகைக் களிமண் துகளை பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூனைக்காகக் கொடுத்துப் பார்த்தார். அது பிடித்துப்போய், பையில் அடைத்து விற்கத் தொடங்கினார். இன்று நம் ஊர் பூனைத் தீனிக் கடைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் பூனை மணலுக்கு ஆரம்பம் அங்கேதான். முருங்கை மரத்தடியை வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

முதலில் உடம்பு

தொட்டியை மாற்றுவதற்கும் மணலை மாற்றுவதற்கும் முன்னால் பூனையின் உடம்பைப் பாருங்கள். இந்த வரிசையை நான் ஒரு முறை மாற்றிப் போட்டேன். அதனால் எங்கள் கருவாயனை இழக்கப் பார்த்தேன்.

கருவாயன் நான்கு வயதுக் கடுவன். ஒரு சனிக்கிழமை அடிக்கடி தொட்டிக்குள் போய் உட்கார்ந்தான். முதுகை வளைத்து முக்கினான், ஒன்றும் வரவில்லை. எழுந்து வந்து பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்து, சோற்றில் கொஞ்சம் எண்ணெய் பிசைந்து வைத்தேன். அன்றிரவு குளியலறை டைல்ஸில் நான்கைந்து சொட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில். ஞாயிறு காலையில் அடிவயிற்றைத் தொட்டால் எலுமிச்சம்பழத்தைத் தொடுவதுபோல் கல்லாக இருந்தது. தொட்ட கையைக் கடிக்க வந்தான். ஒருபோதும் கடிக்காதவன். அப்போதுதான் காடியை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு ஓடினேன். மூத்திரக் குழாய் அடைத்திருந்தது. மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு எடுத்தார்கள். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். "நாளைக்கு வந்திருந்தா காப்பாத்தியிருக்க முடியாது" என்றார் மருத்துவர்.

ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. சிறு படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்தால் உடம்பில் நஞ்சு தேங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஆகவே ஆண் பூனை முக்கி முக்கி மூத்திரம் வராமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிக்கிறதே என்று பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கவே கூடாது. நமக்குக் காய்ச்சல் தணிக்கும் அந்த மாத்திரை பூனையின் ரத்தத்தையும் ஈரலையும் கெடுத்துக் கொன்றுவிடும்.

பெண் பூனைக்கு அடைப்பு வருவது அரிது. ஆனால் மூத்திரப்பை அழற்சி இரு பாலுக்கும் வரும். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, தீபாவளிப் பட்டாசு, விருந்தாளிக் கூட்டம், இப்படி மனக்கலக்கம் தருகிற எதுவும் அதைத் தூண்டிவிடலாம். வலியோடு தொட்டிக்குப் போன பூனை, அந்த வலியைத் தந்ததே தொட்டிதான் என்று எண்ணிக்கொள்கிறது. அதனால்தான் மெத்தையையும் துணிக்கூடையையும் தேடுகிறது: மென்மையாக இருக்கிறது, ஈரத்தை உடனே உறிஞ்சுகிறது, அங்கே வலித்த ஞாபகம் இல்லை.

உடம்பைக் கவனிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைப் போட்டுவிட்டு, அள்ளும்போது கட்டிகளை எண்ணுங்கள். நல்ல ஆரோக்கியமான பூனை ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு முறை மூத்திரம் பெய்யும். உங்கள் பூனையின் கட்டி வழக்கமாக எவ்வளவு பெரிது என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். திடீரென்று கோலிக்குண்டு அளவில் ஏழெட்டு வந்தால் மூத்திரப்பையில் தொல்லை. கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகி, பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் இருந்தால் சிறுநீரகத்தையோ நீரிழிவையோ சந்தேகிக்க வேண்டும். கட்டியே இல்லையென்றால், மேலே சொன்ன அவசரம். கருவாயன் திரும்பி வந்த நாளிலிருந்து நான் தினமும் எண்ணுகிறேன். உலர் தீனியைக் குறைத்து டின் தீனியும் அவித்த மீனும் தண்ணீர் விட்டுக் கொடுக்கிறேன். வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

தொட்டி என்ற சங்கதி

உடம்பில் குறையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தொட்டிக்கு வர வேண்டும். இங்கே பெரும்பாலான வீடுகளில் நான் பார்க்கும் குறை ஒன்றுதான்: தொட்டி சிறிது. கடையில் விற்கும் அழகான மூடி போட்ட தொட்டிகள் நம் வீட்டு இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தவை, பூனையின் உடம்பைக் கணக்குப் பண்ணியவை அல்ல. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். அது உள்ளே முழுசாகத் திரும்ப முடிய வேண்டும். சாமான் கடையில் துணி போட்டு வைக்க விற்கிறார்களே, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி நல்லது. ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் வெட்டி வாசல் விட்டு, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மற்ற மூன்று சுவரும் உயரமாக இருப்பதால் மணலும் வெளியே தெறிக்காது. வயதான பூனைக்கு மூட்டு வலி இருக்கும். அதற்கு வாசலை இன்னும் தாழ்வாக வெட்ட வேண்டும்.

மூடி போட்ட தொட்டி நமக்கு நாற்றத்தை மறைக்கிறது. பூனைக்கு அந்த நாற்றம் முழுவதும் உள்ளேயே தேங்குகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் மூச்சு விடுவது எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். சில பூனைகள் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளாத பூனை சோபாவுக்குப் பின்னால் போகும். மூடியைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள்; காசு செலவில்லாத வைத்தியம்.

மணலைப் பொறுத்தவரை, பூனையின் பாதத்திடம் கேட்பதே சரி. எங்கள் சுந்தரியிடம் நான் கண்டதைச் சொல்கிறேன். மரத்தூளை அழுத்திச் செய்த குளிகையைப் புதிதாக வாங்கிப் போட்டேன். மலிவு, நாற்றத்தையும் நன்றாக அமுக்கும். சுந்தரி வந்தாள். முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றினாள். ஒரு காலை உள்ளே வைத்தவள், சுடு தண்ணீரில் பட்டதுபோல் எடுத்து உதறினாள். பிறகு விளிம்பின்மேலேயே நான்கு காலையும் வைத்து நின்றுகொண்டு மூத்திரம் பெய்தாள். மூடவில்லை, பக்கத்துச் சுவரைப் பிறாண்டிவிட்டு ஓடிவிட்டாள். அந்த அரை நிமிடத்தில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தோண்டாமல், விளிம்பில் நின்று, சுவரைப் பிறாண்டிவிட்டு ஓடும் பூனைக்கு அந்த மணல் பிடிக்கவில்லை. நாளைக்கோ அடுத்த வாரமோ அது தொட்டியை விட்டுப் போகும்.

பெரும்பாலான பூனைகளுக்குப் பிடித்தது நைசான, வாசனை சேர்க்காத, கட்டியாகும் மணல். லாவெண்டர், எலுமிச்சை வாசனையெல்லாம் நம் மூக்குக்கு. அதன் மூக்குக்கு அது தொல்லை. சோயாவில் செய்த தோஃபு மணலும் சில பூனைகளுக்கு ஒத்துவரும், ஆனால் நம் ஈரப்பதத்தில் பையைத் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், இறுக்கமான வாளியில் போட்டு மூடி வையுங்கள். குளிகைக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு தொட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது போட்டு, எதில் அதிகம் போகிறது என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குட்டிகளுக்கு மட்டும் கட்டியாகும் களிமண் வேண்டாம். அவை வாயில் போட்டு விழுங்கிவிடும். மணலின் ஆழம் நான்கு விரல் கிடை போதும்.

சுத்தம் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை அள்ளுங்கள். வாரம் ஒரு முறையாவது தொட்டியைச் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். தண்ணீரில் கலந்தால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் உள்ள பீனால் வகைப் பொருள் பூனைக்கு நஞ்சு. நகம் பட்டுக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் நாற்றம் ஊறிவிடும்; வருடத்துக்கு ஒரு முறை தொட்டியை மாற்றிவிடுவது நல்லது.

எங்கே வைப்பது, எத்தனை வைப்பது

நம் தாமான் வீடுகளில் தொட்டிக்கு ஒதுக்குகிற இடம் பெரும்பாலும் பின்பக்கம், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கம். மெஷின் சுழலும்போது தரையே அதிரும். பூனை பாதியில் எழுந்து ஓடும். இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாவது தடவை அங்கே போகாது. அமைதியான, ஆனால் ஒடுங்காத மூலை வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது யார் வருகிறார்கள் என்று பூனைக்குத் தெரிய வேண்டும், தப்பிக்க வழி இருக்க வேண்டும். சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

எத்தனை என்று கேட்டால், பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி. சின்ன வீட்டில் மூன்று தொட்டியா என்று மலைப்பாக இருக்கும், தெரியும். ஆனால் மூன்றையும் ஒரே இடத்தில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வலுத்த பூனை அந்த வழியில் படுத்துக்கொண்டால் மெலிந்ததுக்குப் போக வழியில்லை. சண்டையே நடக்காது, வெறும் பார்வை போதும். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள், மெத்தை நனைவதுதான் தெரியும். ஆகவே ஹாலில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, மாடி இருந்தால் மேலே ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

சுவரில் பீய்ச்சுவது வேறு கதை

தரையில் உட்கார்ந்து பெய்வதும், நின்றபடி வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு சுவரில் பீய்ச்சுவதும் ஒன்றல்ல. இரண்டாவது கழிப்பிடப் பிரச்சினையே இல்லை. "இது என் எல்லை" என்று எழுதி வைக்கும் கையெழுத்து. கருத்தடை செய்யாத கடுவன்களுக்கு இது இயல்பு. அறுவை செய்தால் பத்தில் ஒன்பது பூனைகள் இதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். ஐந்தாறு மாத வயதிலேயே செய்துவிட்டால் பழக்கமே ஏற்படாமல் போகலாம்.

கருத்தடை செய்த பூனையும் பீய்ச்சினால், எந்த இடத்தில் என்று பாருங்கள். கிரில் கதவு, சன்னல் ஓரம், செருப்பு வைக்கும் இடம் என்றால் வெளியே ஒரு தெருப்பூனை வந்து போகிறது என்று அர்த்தம். என் தங்கை வீட்டுப் பூனை சாமி மேடையின் பக்கச் சுவரில் பீய்ச்சியபோது வீடே கலங்கிவிட்டது. தோஷம், பரிகாரம் என்றெல்லாம் பேச்சு. அந்த மேடைக்கு நேர் எதிரே தாழ்வான சன்னல். இரவில் ஒரு சாம்பல் கடுவன் அங்கே வந்து உட்கார்ந்து உள்ளே பார்க்கும். சன்னலின் கீழ்ப்பாதியில் தாள் ஒட்டி, வெளிச்சுவரை நன்றாகக் கழுவிவிட்ட இரண்டே வாரத்தில் நின்றுவிட்டது.

நனைந்த இடத்தை என்ன செய்வது?

அடிக்காதீர்கள். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்காதீர்கள். பூனை அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: உங்களைக் கண்டால் பயப்பட வேண்டும், உங்களுக்குத் தெரியாத இடத்தில் போக வேண்டும்.

பூனை மூத்திரத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. சோப்பும் வினிகரும் மேல் நாற்றத்தைப் போக்கினாலும் அதன் படிகங்கள் துணிக்குள் தங்கிவிடும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழை பிடித்துக் காற்றில் ஈரம் ஏறினால் நாற்றம் மறுபடி எழும். நவம்பர் மழையில் "மறுபடி போயிடுச்சு" என்று பூனையைத் திட்டுகிறவர்கள் பலரின் வீட்டில் அது பழைய ஈரம். இதற்கு என்சைம் கலந்த துப்புரவு நீர் என்று பூனைக் கடைகளில் கேட்டு வாங்குங்கள். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரில் கழுவி, அந்த நீரைத் தாராளமாக ஊற்றிக் கால் மணி நேரமாவது ஊறவிட்டுத் தானாகக் காய விடுங்கள். அம்மோனியா கலந்த தரைத் துப்புரவு நீர் வேண்டாம், அதுவே பூனைக்கு மூத்திர வாசனை. குளோரின் வெளுப்பானையும் மூத்திரத்தின் மேல் ஊற்றாதீர்கள், கெட்ட வாயு கிளம்பும். எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரியவில்லையென்றால், கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதாக்கதிர் டார்ச்சை இரவில் விளக்கணைத்து அடித்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் மங்கலாக ஒளிரும்.

பல வாரமாகத் தொட்டிக்கே போகாத பூனையை, ஒரு சிறிய அறையில் தொட்டி, தண்ணீர், தீனி, படுக்கையோடு சில நாள் வைத்திருங்கள். தண்டனையாக அல்ல, நீங்களும் அவ்வப்போது கால்மணி நேரம் அங்கே அதனோடு இருங்கள். மெத்தையும் கம்பளமும் இல்லாத அறையாக இருக்க வேண்டும். ஒரு வாரம் தவறாமல் தொட்டிக்குப் போனால் கதவைத் திறந்து ஒவ்வோர் அறையாக விடுங்கள்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில்

மருமகள் உண்டானதும் பூனையை விரட்டுகிற வழக்கம் இங்கே அதிகம். பயத்துக்குக் காரணமான டாக்ஸோபிளாஸ்மா கிருமி உண்மைதான். கருவுக்குக் கெடுதல் செய்யும். ஆனால் பூனையின் மலத்தில் வெளிப்படும் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிட்டால் அந்த வாய்ப்பே பெருமளவு அடைபடுகிறது. அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். சரியாக வேகாத ஆட்டிறைச்சியும் கழுவாத கீரையும் பச்சையாகத் தின்னும் உலாம் இலைகளும் இதைவிடப் பெரிய வழி. அங்கே காட்டும் கவனத்தையும் கூட்டுங்கள். கர்ப்பிணியே அள்ள வேண்டிய நிலை என்றால் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கை கழுவினால் போதும்.

அள்ளிய மணலைக் கழிப்பறைக் குழியில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் ஊறி அடைத்துக்கொள்ளும். பையில் கட்டிக் குப்பை லாரி வரும் நாளில் வெளியே வைத்துவிடுங்கள். மரக்குளிகைத் தூள்தானே, கறிவேப்பிலைக்கு எருவாகட்டும் என்று போன மாதம் அடுத்த வீட்டு அத்தை கேட்டார். வேண்டாம் அத்தை, சமையலுக்குப் பறிக்கிற செடிக்கு மட்டும் வேண்டாம் என்றேன். அவர் வீட்டிலும் இப்போது இரண்டு குட்டிகள் இருக்கின்றன. பசாரிலிருந்து அவரே எடுத்து வந்தவை.